பல் போனால் எந்தச் சொல் போகும்?

அப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூட இல்லை என்று ஆனது போன வருஷம் ஆடி மாதம். பாதி ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த ஆறும் ஆட்டம் கண்டுவிட்டதால் மொத்தமாக எடுத்துவிடலாம் என்றார் பல் டாக்டர். ஈறு ஆறிய பிறகுதான் பல்செட், அதற்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு அப்பா முதலில் சொன்னது: "பல்லு போனா சொல்லு போச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பழமொழியில் "சொல்லு" மட்டும்தான் போயிருந்தது. பல்லு, போனா, போச்சு மூன்றும் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருந்தன. "சொல்லு"வின் தொடக்கத்தில்தான் ஸகரமும் இல்லாமல் ஹகரமும் இல்லாமல் ஏதோ ஒரு காற்று. அது சரி, ஆனால் "போச்சு"விலும் அதே ச தானே இருக்கிறது? அது மட்டும் எப்படித் தப்பித்தது?

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். மொழியியல் என்று ஒரு தாள் உண்டு. ஈரிதழ் ஒலி, பல்லொலி, நாவளை ஒலி, அடைப்பொலி, உரசொலி என்று நோட்ஸை உருப்போட்டு 62 மார்க் வாங்கிவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தேன். இருபது வருஷம் கழித்து அந்தத் தாளை அப்பாவின் வாயைப் பார்த்துத்தான் மறுபடி படித்தேன்.

அப்பா கண்டக்டர். 31 வருஷம் அரசு பஸ், அதில் பெரும்பகுதி திருச்சி - மெட்ராஸ் ரூட். அவர் வாயில் எப்போதும் இரண்டில் ஒன்று இருக்கும்: வெற்றிலை, இல்லையென்றால் விசில். பல் போனதில் முதலாவதற்குப் பங்கு உண்டு என்பது அம்மாவின் கட்சி. மத்தியப் பேருந்து நிலையத்தில் பின்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் ஊர்ப்பெயர்களைக் கூவுவதை நின்று கேட்பதற்காகவே சின்ன வயதில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோவேன். "பெரம்லூர் தொழுதூர் உளுந்தூர்பேட்டை விழுப்ரம் திண்டிவனம் செங்கல்பட்டு தாம்பரம் மெட்ராஸ்ஸ்ஸ்!" அந்தக் கடைசி ஸ் பஸ் கிளம்பும்வரை நீளும்.

பல் எடுத்து ஒரு வாரம் இருக்கும். என் பையனுக்கு ஏழு வயது, அவனுக்கும் அப்போது மேல் முன்பல் இரண்டு விழுந்திருந்தது. "தாத்தா, நீயும் என்னை மாதிரியே பேசுற" என்று அவனுக்கு ஒரே குஷி. அவன் கேட்டான் என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்த ரூட்டை முழுதாகக் கூவிக் காட்டினார். நான் ஸ்டாப் ஸ்டாப்பாகக் கவனித்தேன். பெரம்பலூருக்கு ஒன்றும் ஆகவில்லை. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் எல்லாம் பத்திரம். செங்கல்பட்டில் முதல் எழுத்து காணோம். மெட்ராஸின் வாலில் காற்று இறங்கிய டயர் சத்தம்.

பேச்சு என்பது முதலில் மூச்சுதான். நாம் பேசுவதெல்லாம் வெளிமூச்சில். நம்பாதவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே தங்கள் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பேய்ப்படத்தில் வருகிற குரல் கேட்கும். தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரத்தின் மூன்றாவது இயல் பிறப்பியல். எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று சொல்ல வருகிறவர் நாக்கில் தொடங்கவில்லை, வயிற்றில் தொடங்குகிறார்: "உந்தி முதலா முந்துவளித் தோன்றி." அடிவயிற்றிலிருந்து காற்று புறப்பட்டுத் தலை, மிடறு, நெஞ்சு மூன்றிலும் நின்று, அப்புறம் "பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும்" சேர, ஆக எட்டு இடம். பரீட்சைக்குப் படித்தபோது இது வெறும் பட்டியல். காலை நாலரைக்கு முதல் சிங்கிள் எடுக்கப் போய் இரவு தொண்டை கட்டி வீட்டுக்கு வந்த ஒருவரைத் தெரிந்தவனுக்கு, உந்தி என்ற சொல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று புரியும். அப்பா கூவும்போது தொண்டையைவிட வயிறுதான் முன்னால் வரும்.

அந்தக் காற்றுக்கு முதலில் வழி மறிப்பது குரல்வளை. உள்ளே சதையால் ஆன இரண்டு மடிப்புகள். அவை நெருங்கி நிற்கும்போது நடுவே காற்று போனால் துடிக்கின்றன. ஆண்குரலில் விநாடிக்கு 100, 130 தடவை, பெண்குரலில் கிட்டத்தட்ட 200. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லுங்கள், ஒன்றும் தெரியாது. "ழ்ழ்ழ்" என்று சொன்னால் விரல் அதிரும். ஒலிகளில் அதிர்வது, அதிராதது என்ற பெரிய பிரிவு இந்த ஒரு விரலில் முடிந்துவிடுகிறது.

உயிரோடு இருக்கிற ஒருவர் குரல் எழுப்பும்போது இந்த மடிப்புகள் செய்யும் வேலையைக் கண்ணாடியில் சரியாகப் பார்த்துச் சொன்னவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியர். 1854இல் நீளமான கைப்பிடி வைத்த, பல் டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, வெயிலைக் கைக்கண்ணாடியில் பிடித்து உள்ளே அடித்து, தன் குரல்வளையைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. பல் டாக்டர் அறையில் அப்பாவின் வாய்க்குள் அந்த மாதிரிக் கண்ணாடி போனபோது எனக்கு கார்சியா நினைவு வந்து, சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. அவருக்கு வாந்தி வந்திருக்காதா?

தொண்டையில் பிறக்கிற சத்தம் மட்டும் பேச்சாகாது. நாதஸ்வரத்தின் சீவாளியைத் தனியாக எடுத்து ஊதினால் பீப்பீ என்று கத்தும். அதைக் குழலில் பொருத்தி ஊதினால்தான் நாதம். நமக்குச் சீவாளி குரல்வளை, குழல் தொண்டையும் வாயும். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குழல் சுமார் 17 சென்டிமீட்டர். நாதஸ்வரக் குழலுக்கு இல்லாத வசதி ஒன்று இதற்கு உண்டு: உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கலாம். வாயை அகலத் திறந்து நாக்கைக் கீழே போட்டால் ஆ. டாக்டர்கள் "ஆ காட்டுங்க" என்று சொல்வதற்கு வேறு காரணம் இல்லை, "ஈ காட்டுங்க" என்றால் நாக்கு மேலே போய் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இதழைக் குவித்தால் ஊ. தொண்டையில் எழும் சத்தம் ஒன்றே. குழல்தான் வேறு வேறு.

இதை எந்திரமாகவே செய்து காட்டிய ஆள் ஒருவர் உண்டு, வொல்ஃப்காங் ஃபான் கெம்பெலென். நுரையீரலுக்குத் துருத்தி, குரல்வளைக்கு ஒரு நாக்குத் தகடு, மூக்குக்கு இரண்டு துளை. 1791இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். பாவம், அவருடைய இன்னொரு படைப்புதான் சதுரங்கம் ஆடும் பொம்மை. அதன் பெட்டிக்குள் ஆள் ஒளிந்திருந்து காய் நகர்த்தினான். அந்த மோசடிக்குக் கிடைத்த பெயர் இந்த நேர்மையான எந்திரத்துக்குக் கிடைக்கவில்லை.

சரி, ரூட்டுக்கு வருவோம்.

பெரம்பலூர் ஏன் தப்பித்தது? ப, ம இரண்டுக்கும் பல்லே வேண்டாம். "இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்." இரண்டு உதடும் ஒட்டினால் போதும். இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் மூக்கில்தான். உள்நாக்கு தொங்குகிற அந்த மென்மையான சதைக் கதவு மேலே ஏறி மூக்கை அடைத்தால் ப, இறங்கி வழிவிட்டால் ம. ஜலதோஷத்தில் மூக்கடைத்தவர் "அம்மா" என்றால் "அப்பா"வுக்குப் பக்கத்தில் போவது இதனால்தான்.

உதட்டை மட்டும் பார்க்கிறவருக்கு ப, ம இரண்டும் ஒன்றுதான். இதை அப்பா எனக்குச் சொல்லித் தந்தார். "ஸ்டாண்டுல கூட்டத்துல சத்தம் காதுல விழாதுடா. வாயைப் பாத்துதான் டிக்கெட் கிழிப்போம். பெரம்லூர்னா உதடு ரெண்டு தடவை ஒட்டும். திண்டிவனம்னா ஒட்டவே ஒட்டாது, கடைசியில ஒரு தடவைதான்." எண்ணிப் பார்த்தேன். பெ, ம். இரண்டு. திண்டிவனத்தில் கடைசி ம் மட்டும். முப்பது வருஷம் ஒலியியல் ஆய்வு செய்திருக்கிறார் மனுஷன், பெயர்தான் தெரியவில்லை. காதோடு கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது என்பதை 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் ஒரு சோதனையில் காட்டினார்கள். ஒருவர் "க" என்று வாயசைக்கும் படத்துக்கு அதிர்வோடு கூடிய "ப"வை ஒலியாகச் சேர்த்துப் போட்டால், பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமில்லாமல் "த" போல ஒன்று கேட்டது. கண்ணை மூடினால் சரியாகக் கேட்கும், திறந்தால் மறுபடி அதே மயக்கம்.

தாம்பரத்தின் த பல்லொலி. நாக்கு நுனி பரந்து பல்லின் அடியில் ஒற்ற வேண்டும். பல் இல்லாதபோது அது போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. நாக்கு ஈற்றில் ஒற்றிச் சமாளித்துக்கொண்டது. த என்பது அடைத்துத் திறக்கிற ஒலி. அடைக்க ஒரு சுவர் கிடைத்தால் போதும், அது பல்லா ஈறா என்று காது பெரிதாக ஆராய்வதில்லை. திண்டிவனத்தின் வகரமும் அப்படித்தான். கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டியது, "பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்." அப்பா இரண்டு உதட்டையும் வைத்தே ஒப்பேற்றிவிட்டார். ட, ண பற்றிச் சொல்லவே வேண்டாம். நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுவது. பல்லுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

ல, ள இரண்டிலும் நாக்கு நடுவில் தடுத்து ஓரத்தில் வழி விடும். ஒரு சின்னச் சோதனை: "ல்" என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரத்தில் சில்லென்று இருக்கும். காற்று போகும் வழி அது.

மாட்டிக்கொண்டது ஸகரம் ஒன்றுதான். காரணம் அப்பாவின் இன்னொரு வாய்ச் சாமான், விசில். விசிலில் என்ன நடக்கிறது? குறுகிய வாயில் வழியாகக் காற்று வேகமாக வந்து ஒரு கூரான விளிம்பில் மோதுகிறது. ஸ் சொல்லும்போது நாக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளம் செய்து காற்றைப் பீய்ச்சி முன்பல்லின் விளிம்பில் அடிக்கிறது. அந்த மோதல்தான் சத்தம். பல் வெறும் சுவராக இல்லாமல் கருவியாகவே வேலை செய்கிற இடம் இது. விளிம்பை எடுத்துவிட்டால் பீய்ச்சிய காற்று பொத்தென்று வெளியே விழுகிறது.

அப்படியானால் "போச்சு"? தொல்காப்பியத்தைப் புரட்டினால் சகாரத்துக்குப் பல்லே இல்லை. "சகார ஞகாரம் இடைநா அண்ணம்." நடுநாக்கு அண்ணத்தில் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அவர் சொல்லும் ச, "பச்சை"யில் வரும் ச. "போச்சு"வில் வரும் ச. அது அப்பாவிடம் பத்திரமாக இருந்தது. "சொல்லு", "பசு", "செங்கல்பட்டு" இவற்றில் நாம் சொல்வது வேறு ஒலி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. இல்லை, மூன்று: "மஞ்சள்" சொல்லிப் பாருங்கள், தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு.

நாற்பது வருஷம் இந்த எழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது மூன்று சத்தம் போடுகிறது என்று என் காது ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. ககரமும் அப்படியே. கல், தங்கம், பகல். மூன்று க, மூன்று சத்தம். ஆபீசில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த இந்திக்கார நண்பர் ஒருவர் "பகல்" என்பதைக் "கல்"லின் அழுத்தத்தோடு வாசித்தார். நான் திருத்தினேன். "எழுத்து அதேதானே, எப்போது எதைச் சொல்வது?" என்று கேட்டார். பதில் தெரியாமல் "பழகினால் வரும்" என்றேன். எதுவும் தெரியாதவன் சொல்கிற பதில்தான் அது.

பதில் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிராத ஒலி, மெல்லெழுத்துக்குப் பின்னால் அதிரும் ஒலி, இரண்டு உயிருக்கு நடுவே தளர்ந்த ஒலி. இடத்தைப் பார்த்தாலே ஒலி தெரிந்துவிடுவதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. மொழியியலில் இந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒலியன் என்று பெயர், உள்ளே இருக்கும் ஆட்கள் மாற்றொலிகள். சொல்லின் பொருளை மாற்றுவது ஒலியன்தான். பல், கல், பலம், பழம். அதை மாற்றினால் பொருள் மாறும். மாற்றொலியை மாற்றினால் பொருள் மாறாது, "வெளியூர்க்காரர் போல" என்று மட்டும் தோன்றும். தமிழில் எழுத்து போதவில்லை என்று அடிக்கடி கிளம்புகிற சண்டையில் இரண்டு பக்கமும் இதை ஒருமுறை படித்துவிட்டுச் சண்டை போட்டால் நன்றாக இருக்கும். சண்டைக்கு விஷயம் இல்லாமல் போகாது. இரவல் சொற்கள் வந்து அந்த ஒழுங்கைக் கலைத்திருக்கின்றன என்பதும் உண்மைதானே. "பஸ்" என்று எழுதுகிறோம், "பழம்" போல அல்லாமல் முதலெழுத்தையே அதிர்த்துச் சொல்கிறோம். காந்தி, டாக்டர், பாண்டு வாத்தியம் எல்லாம் அந்த வகை.

டிக்கெட் இன்னொரு கதை. ஆங்கிலேயர் தங்கள் "டிக்கெட்"டைத் தொடங்கும் இடம் பல்லுக்குச் சற்று மேலே உள்ள மேடு. நமக்கு ட அதைவிடப் பின்னால், நாக்கை வளைத்து. அந்த மேட்டில் தொல்காப்பியர் காலத்தில் ஓர் எழுத்து குடியிருந்தது, றகரம். "அணரி நுனிநா அண்ணம் ஒற்ற றஃகான் னஃகான்." ஒற்ற என்கிறார், வருட என்று சொல்லவில்லை. அது உருட்டும் ரகரமாக இல்லாமல் அடைப்பொலியாக இருந்தது. நமக்குக் "காற்று" பேச்சில் "காத்து" ஆகிவிட்டது, படிக்கும்போது ட்ர என்று ஒன்றைச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்திலும் குமரி மாவட்டத்திலும் அந்தப் பழைய ஒலி இன்னும் இருக்கிறது. கல்லூரியில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்து நண்பன் "காற்று" என்று சொன்னபோது இங்கிலீஷ் வாடை அடிக்கிறது என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வாடை இங்கிலீஷுடையது இல்லை, என்னுடைய நாக்கு இழந்ததை அவன் நாக்கு வைத்திருந்தது.

புரட்டாசியில் பல்செட் தயாரானது. எனக்கு அது வெறும் பல் என்றுதான் எண்ணம். கையில் வாங்கிப் பார்த்தால் பல்லைவிடத் தகடு பெரிது. மேலண்ணம் முழுவதையும் மூடும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக், 2, 3 மில்லிமீட்டர் கனம். மாட்டியதும் அப்பா பேசவே இல்லை. நாக்கு வீட்டுக்குள் யாரோ பீரோவை இடம் மாற்றி வைத்ததுபோலத் தடுமாறியது. இத்தனை நாள் பத்திரமாக இருந்த ட, ண, ள எல்லாம் இப்போது இடித்தன. பல் இல்லாதபோது போகாத சொற்கள் பல் வந்ததும் போயின. பழமொழிக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

டாக்டர் அசரவில்லை. "அறுபதிலேர்ந்து எழுபது வரைக்கும் இங்கிலீஷ்ல எண்ணுங்க" என்றார். அப்பா சிக்ஸ்டி, சிக்ஸ்டி ஒன் என்று ஆரம்பித்தார். "சிக்ஸ்டி சிக்ஸ்" வந்தபோது டாக்டர் குனிந்து அவர் பல் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ் சொல்லும்போதுதான் மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடித்துக்கொள்ளாமல் மிக நெருங்கி வருமாம்; அந்த இடைவெளியை வைத்துப் பல்செட்டின் உயரம் சரியா என்று பார்ப்பார்கள். அப்புறம் "வா, வீ, வெ" சொல்லச் சொன்னார். மேல்பல் விளிம்பு கீழுதட்டில் சரியான இடத்தில் படுகிறதா என்று பார்க்க அது. தொல்காப்பியரின் பல்லிதழ் சூத்திரத்தை ஒருவர் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு சரிபார்ப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். அவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. வாய் ஒன்றுதானே.

"தினமும் பேப்பரை சத்தமா படிங்க, நாக்கு பழகிடும்" என்று அனுப்பினார். அப்பா பேப்பரைத் தொடவில்லை. காலையில் திண்ணையில் உட்கார்ந்து ரூட்டைச் சொன்னார், போக ஒருதரம், வர ஒருதரம். முதல் வாரம் மெட்ராஸின் ஸ் ஒவ்வொரு தடவையும் விசிலடித்தது. பேரன் அதற்கு "ரைட் ரைட்" கொடுத்தான். "முன்னாடி விசிலை வாயில வெச்சுக்கிட்டேன், இப்ப வாயே விசிலாயிடுச்சு" என்றார் அப்பா. மூன்றாவது வாரம் விசில் நின்றது. நாக்கு தன் பள்ளத்தின் அகலத்தை எங்கேயோ மாற்றிக்கொண்டது. எவ்வளவு மாற்றியது என்று அவரைக் கேட்டால் தெரியாது. நாக்குக்குத் தெரியும்.

இந்த வேகத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. ழகரத்தைச் சோதிக்க வேண்டும். ட, ண, ள எல்லாம் தகட்டில் இடித்தபோது விழுப்புரமும் தொழுதூரும் மட்டும் சொகுசாக வந்துகொண்டிருந்தன. அது நியாயம்தான். ழகரத்தில் நாக்கு நுனி மேலே வளைந்து பின்னால் போகிறது, ஆனால் எதிலும் ஒட்டுவதில்லை. அண்ணத்துக்கு அருகில் போய் நின்று காற்றுக்கு வழி விடுகிறது. "நுனிநா அணரி அண்ணம் வருட" என்றார் தொல்காப்பியர், ரகரத்தையும் சேர்த்து. மேலே பிளாஸ்டிக் இருந்தாலென்ன, எலும்பு இருந்தாலென்ன. வேறெந்த மொழியிலும் இல்லாத எழுத்து என்று மேடையில் சொல்வார்கள். மலையாளத்தில் இருக்கிறது, சீன மொழியின் ஓர் ஒலியும் அமெரிக்கர்களின் ரகரமும் இதற்குப் பக்கத்து வீடு. இருந்தாலும் நமக்கு அதன்மேல் ஒரு செல்லம். ழ வராதவர்களை நான் திருத்தாமல் விட்டதே இல்லை. ஆபீசில் எனக்கு அதனால் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு.

அப்பாவின் கூவலை போனில் பதிவு செய்தேன். ராத்திரி ஹெட்போனில், வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக் கேட்டேன். தொழுதூர். உளுந்தூர்பேட்டை. மறுபடி. தொழுதூர், உளுந்தூர். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இரண்டும் ஒரே ள. தொளுதூர். விளுப்ரம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஒருதடவைகூட என் காதில் ள விழுந்ததில்லை. பஸ்ஸின் போர்டில் ழ எழுதியிருந்தது, நான் போர்டைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் அதில் அகப்பட்டது. "செங்கல்பட்டு" முடியும்போது அவர் உதடு குவிவதில்லை. குற்றியலுகரம், படித்ததுதான். "குத்து" என்று கண்ணாடி முன் சொன்னால் முதல் உகரத்துக்கு உதடு குவியும், கடைசி உகரத்துக்குக் குவியாது. ஒரே எழுத்து என்றுதான் எழுதுகிறோம்.

மறுநாள் காலை டிபன் நேரத்தில் அப்பாவிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"நீங்க விளுப்புரம்னுதான்பா சொல்றீங்க."

"எவன் சொன்னான்? முப்பத்தோரு வருஷம் விளுப்ரம்னு சொல்லியா டிக்கெட் குடுத்தேன்?" என்றார். அவர் காதில் அது ழ. "நீ சொல்லு பாப்போம்."

நான் நிதானமாக, நாக்கை வளைத்து, விழுப்புரம் என்று சொன்னேன். ரேடியோ செய்தி வாசிப்பவர் தோற்பார்.

"அப்படி இல்ல. சாதாரணமா பேசு. பேசிக்கிட்டே இரு, நான் புடிக்கிறேன்" என்று போனைத் தன் பக்கம் இழுத்துப் பதிவை அழுத்திவிட்டார். நான் ஆபீஸ் கதை, மழை, கிழக்கு ரூம் ஒழுகுவது என்று பேசினேன். ஐந்து நிமிஷம் கழித்துப் போட்டுக் கேட்டோம். மளை பெய்யுது. கெளக்கு ரூம் ஒளுகுது. ஒரு ழகூட இல்லை.

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பல்செட் கழன்று தட்டில் விழாத குறை. நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் காலங்காத்தால? அந்த வாளப்பளத்த எடுத்து சாப்புட்டு எந்திரிங்க, இட்லி வெந்துரும்."

எங்களுக்குச் சிரிப்பு அதிகமானது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "வாளப்பளத்துல என்னடா சிரிப்பு?" என்று இன்னொருதரம் கேட்டாள்.